அலமாரிக்குள் குடியேறிய கணினி

இன்ஷிராஹ் அம்மாளின் சாப்பாட்டு அறையில் நிற்கும் கண்ணாடி அலமாரிக்கு நீஷ் என்று பெயர். கல்யாணத்தின்போது வந்த படிகக் கோப்பைகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் இன்றுவரை யாரும் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. குடிப்பதற்கா வாங்கினார்கள்? கெய்ரோவின் ஷுப்ராப் பகுதியில் ஒரு குடும்பத்தை எடைபோட வருகிறவர்கள் முதலில் நீஷைத்தான் எடைபோடுவார்கள். ஆகவே குவைத்திலிருந்து மகன் தன் தங்கை ரீஹாமுக்கு அனுப்பிய சின்னக் கணினி வந்திறங்கியதும், அதை எங்கே வைப்பது என்ற பேச்சே எழவில்லை.

பேரீச்சம்பழப் பெட்டி அளவுதான் இருக்கும் அந்தக் கறுப்பு யந்திரம். அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற அம்மா விடவில்லை. உறைக்கு மேல் பின்னல் விரிப்பு, விரிப்புக்கு மேல் பீங்கான் அன்னம். அலமாரியின் முதுகில் அப்பா துளை போட்டு ஒயர்களை வெளியே இழுத்தார். திரையும் விசைப்பலகையும் சாப்பாட்டு மேஜைக்கு வந்தன. கண்ணாடிக் கதவின் சாவி அம்மாவின் கழுத்துச் சங்கிலிக்குப் போனது.

ஆகஸ்ட் வெயிலில் கணினிக்கு மூச்சு முட்டியது. விசிறி உயிரைக் கொடுத்துச் சுழன்றது. கோப்பைகள் கிணுகிணுத்தன.

ரீஹாமுக்கோ அதில் ஒரு வேலையே தொங்கிக்கொண்டிருந்தது. சிறுவர் கதைகளைக் குரலில் பதிவு செய்யும் நிறுவனம் ஒன்று அவளிடம் மாதிரி கேட்டிருந்தது. முயல் கதை ஒன்றைப் படித்து அனுப்பினாள். 'குரல் அருமை. ஆனால் முயல் காட்டில் இருக்கிறதா, விமான நிலையத்திலா?' என்று பதில் வந்தது. இன்று மாலைத் தொழுகைப் பாங்குக்குள் சத்தமில்லாத பதிவு போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருத்திக்கு.

"அம்மா, அதுக்குக் காத்து வேணும். வெளிய எடுத்து உறையை உரிச்சாப் போதும்."

"இன்னிக்கா? நாலாவது மாடி மதாம் நாரிமான் அதைப் பாக்கத்தாண்டி காப்பிக்கு வர்றா! அவ போனப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ."

மதாம் நாரிமான் உட்கார்ந்தால் பாங்கு முடிந்துதான் எழுந்திருப்பாள்.

அப்பா வக்தி, குடிநீர் இலாகாவின் முன்னாள் துணை மேலாளர். எந்தச் சிக்கலையும் தானே தீர்த்துக் கெட்ட பெயர் எடுத்ததில்லை. எதிர்வீட்டு ஃபிக்ரியைக் கூப்பிட்டார். ஃபிக்ரி படித்தது கோழி வளர்ப்பு. ஆனால் சட்டைப்பையில் இரண்டு பேனா குத்தியிருப்பவரைக் கெய்ரோவில் இன்ஜினியர் என்று அழைக்காவிட்டால் அது மரியாதைக் குறைவு.

ஃபிக்ரி கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். "நோவு விசிறியிலதான் இருக்கு, பெய்." அப்பாவை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்.

"மாமா, விசிறி சூட்டைத் தணிக்கத்தான் ஓடுது..."

"இன்ஜினியர் பேசுறப்போ குறுக்க பேசாதே" என்றார் அப்பா.

ஃபிக்ரி மேஜையில் அமர்ந்து, கணினியின் அமைப்புகளுக்குள் புகுந்து, விசிறியை நிறுத்தியே விட்டார். அப்படி ஒரு அமைதி! புது நீர்த்தொட்டி திறந்து வைத்தவர்போல் அப்பா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கி முடிப்பதற்குள் திரை இருண்டது.

"ஓய்வெடுக்குது" என்றார் ஃபிக்ரி.

"மயக்கம் போட்டுடுச்சு மாமா. சூடு தாங்காம தானா அணைஞ்சிடுச்சு."

"ஐயையோ, நாரிமான் வர்ற நேரம்!" அம்மா அலமாரிக் கதவைத் திறந்து, பொத்தானைத் தேடி, விரலைச் சுட்டுக்கொண்டாள். வாசல் மணி அடித்தது. வீட்டு அங்கியோடு நின்றவள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு உடை மாற்ற ஓடினாள். ஆண்கள் வாசலுக்கு விரைந்தார்கள்.

"வீட்டுக்கே வெளிச்சம் வந்துடுச்சு மதாம்!"

"வெளிச்சமே உங்களாலதான் பெய்!"

"இல்லை இல்லை, உங்களாலதான்!"

இந்த உபசாரம் லேசில் முடியாது என்பது ரீஹாமுக்குத் தெரியும். ஒயர்களைப் பிடுங்கினாள். துண்டால் பிடித்துக் கணினியை எடுத்து உறையை உருவினாள். சமையலறையிலிருந்த கறுப்புப் பேரீச்சம்பழப் பெட்டிக்கு அந்த உறையை மாட்டி அலமாரிக்குள் வைத்து, விரிப்பைப் போட்டு, அன்னத்தை ஏற்றினாள். போகிற போக்கில் நான்கு படிகக் கோப்பைகளையும் விசைப்பலகையையும் அள்ளிக்கொண்டாள்.

தன் அறையில் கோப்பைகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் கணினியை நிறுத்தினாள். கீழே காற்று ஓட இடம் கிடைத்தது. கோப்பைகளுக்கும் முதல் தடவையாக ஒரு வேலை கிடைத்தது. சூடு ஆறியதும் பழைய தொலைக்காட்சியைத் திரையாக மாட்டி, விசிறியை மறுபடி ஓடவிட்டாள். யந்திரத்தின் வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தாள். முயல் கதைக்கு அவ்வளவு மூளை தேவையில்லை. விசிறி முணுமுணுப்பாக அடங்கியது. ஒலிவாங்கியைக் கட்டிலின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். முயல் காட்டுக்குத் திரும்பியது.

பதிவை அனுப்பிவிட்டு அவள் வெளியே வந்தபோது நாரிமான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சத்தமே இல்லையே இன்ஷிராஹ்! எங்க வீட்டுல இருக்கறது மாவு மில்லு மாதிரி கத்துது."

"அதெல்லாம் அததோட தரத்தைப் பொறுத்தது" என்றாள் அம்மா.

"எல்லாம் நான் கை வச்சதுதான் மதாம்" என்றார் ஃபிக்ரி. "தொட்டுப் பாருங்க, கண்ணாடி எப்படிச் சில்லுனு இருக்கு!"

"அப்போ இப்பவே மேல வாங்க இன்ஜினியர்!" அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

பாங்கு ஒலித்தது. ரீஹாமின் கைப்பேசியும் சிணுங்கியது: 'முயல் தேறிவிட்டது. வேலை உங்களுக்கே.'

அணைந்த கணினியைத் தட்டி எழுப்பிப் பார்க்க அம்மா அன்னத்தைத் தூக்கினாள். உறையை விலக்கினாள். பேரீச்சம்பழம். கோப்பை வரிசையில் பொக்கைவாய் தெரிந்தது. மகளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அன்னத்தைத் திருப்பி வைத்துக் கதவைப் பூட்டினாள்.

"அது உன் ரூம்லயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை என் அக்கா வர்றா. அவளும் இதைப் பாக்கட்டும்." சாவியைச் சங்கிலியில் கோத்தாள். "எறும்பு மட்டும் வராம பாத்துக்கோ."

மேல் மாடியில் நாரிமான் ஃபிக்ரியின் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. இன்ஜினியர் என்ற சொல் அதில் இல்லை.