பொட்டு செய்த பறவை

அந்த வீட்டில் ஒரு பொருளைக் குப்பையில் போடுவது லேசுப்பட்ட காரியமல்ல. முட்டை அட்டை காலியானால் அது வசந்த காலப் பூ. செருப்பு வாங்கிய பெட்டி மழைக்கால வீடு. பாட்டில் மூடி கோடைகால வண்டுக்கு முதுகு. போர்டுக்காரரின் சட்டையில் பொத்தான் அறுந்தால், அதைத் தேடி எடுப்பதற்குள் ஏதோ ஓர் ஆந்தைக்குக் கண்ணாகியிருக்கும்.

"ஒருநாள் என்னையும் வெட்டி எங்கயாவது ஒட்டிடப் போற" என்பார் அவர்.

"உங்க கனத்துக்குப் பசை தாங்காது" என்பார் மனைவி.

மனைவி பக்கத்துத் தெருப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். எல்லோரும் டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டதில் கட்டிய புருஷனுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அவருக்குத் தொழில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது, அதனால் ஊருக்கு அவர் போர்டுக்காரர். எழுத்துகள் நூல் பிடித்தாற்போல் நிற்கும். ஸ்கேல் வைக்காமலே கோடு இழுப்பார். ஆனால் பலகை எழுதக் கொடுக்க வருகிறவர்களிடம் தன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். டீச்சரின் சுவரைப் பற்றித்தான் அளப்பார்.

அந்தச் சுவர் பள்ளியின் நீளமான நடையில் இருக்கிறது. பருவம் மாறினால் சுவரும் மாறும். மழைக்குச் செய்தித்தாள் குடைகள், குளிருக்கு மடித்து வெட்டிய வெள்ளைப் பனிப்பூக்கள். புதிதாக ஒன்று மாட்டினால் போதும், பாதி எழுதிய பலகையை அப்படியே விட்டுவிட்டுப் பார்க்க ஓடுவார். ஏழு வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு நிறைய உட்கார்ந்திருக்க, நடுவில் பசையையும் சாயத்தையும் திறந்து வைத்துவிட்டுச் சிரித்த முகமாக நிற்பதற்கே தனித் தைரியம் வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்.

இந்த வருஷம் டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தார். கைவேலை எதுவும் பிள்ளைகளின் வீட்டுக்குப் போகக் கூடாது. போன குளிர்காலத்தில் அட்டை வீடு செய்யக் கொடுத்தனுப்பியதில் திரும்பி வந்ததெல்லாம் மாட மாளிகைகள். "இந்த ஜன்னலை எப்படிடா செஞ்ச?" என்று ஒரு பையனைக் கேட்டதற்கு, "அப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன் டீச்சர்" என்றானாம். அதோடு போதும் என்று முடிவு செய்துவிட்டார்.

இலையுதிர் காலத்துக்கு வலசை போகும் பறவைகள். உடம்பு அட்டையில். சிறகுக்குத்தான் தனிப் பக்குவம்: உதிர்ந்த இலையின் நரம்புப் பக்கம் சாயம் தடவி, காகிதத்தில் கவிழ்த்து அழுத்தி எடுத்தால் நரம்பெல்லாம் அச்சாக விழும். அதைச் சிறகு வடிவில் வெட்டி ஒட்ட வேண்டும். எல்லாம் வகுப்பிலேயே, பிள்ளைகள் கையாலேயே. திங்கள் மதியம் பெற்றோர் வந்து பார்க்கிற நாள். வகுப்பறை ஈரத்தில் பசை காயவில்லை என்று வெள்ளிக்கிழமை டீச்சர் பறவைகளைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினார்.

அதில் ஒன்றை மட்டும் உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். "இது பொட்டு செஞ்சது."

பொட்டு யார் என்பது போர்டுக்காரருக்குத் தெரியும். வகுப்பிலேயே சின்ன உருவம், அதனால் பொட்டு. எதைக் கொடுத்தாலும் பாதியில் விட்டுவிடும், இல்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் அதிகம் அடிபட்ட பெயர் அது.

"வருஷம் தொடங்கினதுலருந்து அவ முழுசா முடிச்ச மொத வேலைங்க இது. முடிச்சுட்டு அவளே என்கிட்ட வந்து, அம்மாவுக்குக் காட்டணும்னு சொன்னா" என்றார் டீச்சர். சொல்லும்போதே கண் கலங்கியது.

போர்டுக்காரருக்கும் பெருமையாக இருந்தது. அந்தப் பெண்ணை நினைத்தும், அவள் வழிக்கு வருகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்த தன் மனைவியை நினைத்தும்தான். பிறகு பறவையைப் பார்த்தார். ஒரு சிறகு சின்னது. இன்னொன்று முறம் மாதிரி அகன்று கீழே தொங்கியது. போதாததற்கு அது பூச்சி அரித்த இலையின் அச்சு. சாயம் படாத ஓட்டைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தன் அக்கா வீட்டுக்குப் போனார். போர்டுக்காரர் தனியாகப் பறவைகளோடு உட்கார்ந்திருந்தார். முந்தின வாரம்தான் ஹெச்.எம்., "இந்தத் தடவை கொஞ்சம் பாக்கற மாதிரி இருக்கட்டும் டீச்சர்" என்று சொன்னது அவர் மனதில் ஓடியது. டீச்சரின் சுவரைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் அவருக்குத் தாங்காது. கை துறுதுறுத்தது. ஒரு பறவைக்குக் கண் நெற்றியில் இருந்தது, அதை மட்டும் இறக்கி வைப்போம் என்று பிரஷை எடுத்தார்.

ஒன்றோடு நிற்குமா? கோணல் அலகு நேரானது. பிதுங்கி வழிந்த சாயம் கோட்டுக்குள் அடங்கியது. பாவம், அத்தனையும் பிரியத்தில் செய்தது. கடைசியில் பொட்டுவின் பறவை. இதற்கு பிரஷ் போதாது என்று கத்தரிக்கோலை எடுத்தார். தொங்கிய சிறகைச் சின்னச் சிறகுக்குச் சரியாக நறுக்கினார். ஓட்டை விழுந்த பகுதி முழுக்கப் போய்விட்டது. பறவை கச்சிதமாக, முத்திரை குத்தினாற்போல் இருந்தது. அவருக்கு வாயெல்லாம் பல்.

சாயங்காலம் டீச்சர் வந்து கூடத்து விளக்கைப் போட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாருக்கும் லேசா ஒரு கை பாத்தேன்" என்றார் போர்டுக்காரர். குரல் அதற்குள் இறங்கிவிட்டது.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. பொட்டுவின் பறவையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குப்பைக்கூடையைக் கவிழ்த்து, நறுக்கிய காகிதங்களைப் பொறுக்கி, வருஷம் முழுக்கச் சேர்த்த துண்டுத் துணுக்குகள் கிடக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டார்.

"அது எதுக்கு இனிமே?"

"எதையும் தூக்கிப் போட்டு எனக்குப் பழக்கமில்ல" என்றார் டீச்சர். "நாளைக்குக் காலையில வகுப்புக்கு வாங்க. செஞ்சத நீங்களே பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க."

கடைக்காரர்களிடம் கறாராகப் பேசுகிற மனிதர், மறுநாள் இரண்டாம் வகுப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சொல்லி முடித்ததும் வகுப்பு அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"கண்ணு மேலதான் இருக்கணும் அங்கிள். அது மழை வருதான்னு பாக்குது" என்றான் ஒருவன்.

"என்னுது சாப்பிட்டுக்கிட்டே பறக்குது. அதான் வாய் அப்படி" என்றாள் இன்னொருத்தி.

அவர் பார்த்ததெல்லாம் கோணல்தான். ஒவ்வொரு கோணலுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருந்தது அவருக்கு எட்டவேயில்லை. நல்லவேளை, பிள்ளைகளுக்கு மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவருடைய நேர்க்கோடுகளின் மேலேயே சாயத்தை அப்பி, மதியத்துக்குள் தங்கள் பறவைகளை மீட்டுவிட்டார்கள். பொட்டு மட்டும் காலையில் வரவில்லை. காய்ச்சல், டாக்டரிடம் போயிருக்கிறாள், மதியம் அம்மாவோடு வருவாள் என்று தகவல் வந்தது. சாயத்துக்கு மேல் சாயம் பூசலாம், வெட்டியதற்கு என்ன செய்வது என்று அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் நடை முழுக்கப் பெற்றோர்கள். ஹெச்.எம். ஒரு பறவைக்கு முன்னால் நின்று, "அடடா, இது யார் வேலை? கடையில வாங்கின மாதிரி இருக்கே" என்றார். அது பொட்டுவின் பறவை.

பொட்டு கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அம்மா விரலைப் பிடித்து இழுத்தபடி வந்தாள். சுவரின் ஒரு கோடியிலிருந்து ஒவ்வொரு பறவையாகப் பார்த்துக்கொண்டே போனாள். தன் பறவைக்கு முன்னால் வந்தாள், பார்த்தாள், தாண்டிப் போய்விட்டாள். மறுகோடி வரை போய்த் திரும்பி வந்தாள்.

"இதோ இருக்கே, உன் பேரு போட்டிருக்கு பாரு" என்றார் அம்மா.

"பேரு என்னுது" என்றாள் பொட்டு. "பறவ என்னுது இல்ல." அம்மாவின் விரலை விட்டுவிட்டு, சுவரோரம் கிடந்த மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அத்தனை பேர் பார்க்க, போர்டுக்காரர் தரையில் முட்டி போட்டு மேஜைக்கடியில் தலையை நீட்டினார்.

"பாப்பா, அது உன் பறவதான். நான்தான் ரெக்கைய வெட்டிட்டேன்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "எதுக்கு?"

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன். தப்பு."

பொட்டு வெளியே வந்தாள். இரண்டு கைகளையும் விரித்தாள். ஒரு கையைக் கீழே சாய்த்து, உடம்போடு வளைந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். "அது திரும்புது" என்றாள்.

எத்தனையோ வருஷமாக ஏணிமேல் நின்று பலகை எழுதுகிறவர். தலைக்கு மேல் பறவைகள் திரும்புவதைத் தினமும் பார்க்கிறவர். திரும்புகிற பக்கம் ஒரு சிறகு தாழத்தான் செய்கிறது, கீழேயிருந்து பார்த்தால் அது பெரிதாகத்தான் தெரிகிறது. பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் தெரியாதது இந்தப் பொடிசுக்குத் தெரிந்திருந்தது.

டீச்சர் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த பிஸ்கட் டப்பாவைப் பொட்டுவின் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே நான்கு பருவங்களின் வெட்டுத் துணுக்குகளும் கலந்துகட்டிக் கிடந்தன. வெட்டிய போர்டுக்காரருக்கே எது என்று அடையாளம் தெரியவில்லை. பொட்டு கையை விட்டு இரண்டு முறைதான் கிளறினாள். ஓட்டை விழுந்த அந்தத் துண்டை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இந்த எலையப் புழு சாப்பிட்டுச்சு. யாரும் எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டது எப்போதோ.

பொட்டு பசையைத் தாராளமாகப் பிழிந்து துண்டை ஒட்டினாள். ஒட்டு சற்று விலகி நின்றது. சரிசெய்யப் போன போர்டுக்காரரின் விரல் பாதியில் நின்றுவிட்டது. பறவையைச் சுவரில் மாட்டியதும் பழையபடி அந்தச் சிறகு கீழே சாய்ந்தது. பசை காயும்வரை யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டும். பொட்டுவுக்கு எட்டவில்லை.

"நீங்க புடிங்க" என்றாள் அவரிடம். "நேரா வைக்காதீங்க."

அவர் பிடித்துக்கொண்டார். பொட்டு தன் அம்மாவைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டுவந்து பறவைக்கு முன்னால் நிறுத்தினாள். "இதான் என்னுது" என்றாள்.

ஹெச்.எம். எல்லோரையும் டீ குடிக்க அழைத்தார். நடை காலியானது. போர்டுக்காரர் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க வரலையா சார்?" என்றார் ஹெச்.எம்.

"இன்னும் காயல சார்" என்றார் போர்டுக்காரர், விரலை எடுக்காமல்.