வலைக்கண்ணில் நிற்காத சாளை

…நீளம் சரியாகத்தான் இருக்கிறது, போன வாரத்துச் சாளையின் அதே நீளம், தலை மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது, தராசில் வைத்தால் எண் ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, தராசுதான் கெட்டுப்போனதோ என்று மிஸ்பா அதைத் துடைத்து மறுபடி வைத்தாள், அதே எண். இந்த வளையல் வேறு, கையைத் தாழ்த்தினால் சரிந்து வந்து தராசில் இடிக்கிறது, சனியன், முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டாள். வயிற்றைக் கீறிப் பார்த்தாள். தின்று தெளிந்த மீனுக்குக் குடலை ஒட்டி வெள்ளையாகக் கொழுப்பு படிந்திருக்கும், அதுதான் அதன் சேமிப்பு, இதில் ஒன்றுமில்லை, அடுத்ததிலும் இல்லை. இந்த மணமேல்குடிக் கரையில் போன மாதம் முழுக்க அவள் அறுத்ததெல்லாம் கொழுகொழுவென்றுதானே இருந்தது, சாளையின் உடல்நிலை நன்று என்று எழுதி அனுப்பி, ஆய்வை மேற்பார்க்கும் அரவிந்த்குமார் சாரும் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், குட், என்று பதில் போட்டாரே… அதற்குள் கடலில் பஞ்சம் வந்துவிட்டதா? மெலிவதற்கும் நாள் வேண்டாமா? அப்ராருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்?

வேண்டாம், அதை நினைக்க வேண்டாம் என்றுதான் விடியலிலேயே கிளம்பி வந்தாள், மாமி கட்டிக்கொடுத்த இட்லி டப்பா பையில் திறக்காமலே கிடக்கிறது, நினைப்பு சொன்னபடி கேட்டால்தானே. குவைத்தில் அவள் புருஷன் அப்ராரோடு தங்கியிருக்கும் கிபாயத்துல்லா நேற்று ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருந்தான், யாருக்கோ பிறந்தநாள், கேக்கு, ஏழெட்டுப் பேர் இளிப்பு, ஓரத்தில் அப்ரார் தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தான், கைக்கடிகாரம் முழங்கையை நோக்கி வழுக்கிப் போயிருந்தது. நிக்காஹுக்கு அத்தா வாங்கிப் போட்ட கடிகாரம், இறுக்குகிறது என்று அன்றைக்கே பட்டையை ஒரு துளை தளர்த்தியவன். உடம்புக்கு என்ன? சாப்பாடு இல்லையா, வேறு ஏதாவதா? யாரிடம் கேட்பது, மாமியிடம் சொன்னால் வீடே அழும், அவனிடமே கேட்டால் சிரித்து மழுப்புவான். வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுகிறானே, பார்க்கிறாளே, திரை நிறைய முகம், இஸ்திரி போட்ட சட்டைக் காலர், சிரிப்பு, நல்லாத்தான் இருக்கேன் புள்ள, எனக்கென்ன குறைச்சல்… அவளும் பார்த்துப் பார்த்து நன்று, நன்று என்று மனதில் எழுதிக்கொண்டு.

"மச்சம் ஒரு மாதிரியா இருக்கேண்ணே, ஒங்க வலையில பட்டதுதானே?" என்று வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்த மரியசெல்வத்தைக் கேட்டாள், அவருடைய படகிலிருந்துதான் எப்போதும் மீன் வாங்குவது, துறையில் முதலில் வந்து சேர்வது அவர்தான் என்பதற்காக.

"இல்லம்மா, காத்து கெடக்குற கெடைக்கு எங்கிட்டுப் படகை எறக்குறது? நீங்க காத்துக்கிட்டு இருப்பீங்களேன்னு அங்கிட்டுக் கரைவலை இழுத்தாங்க, அதுல அள்ளியாந்தேன். ஏம்மா, ஆகாதா?"

"ஆகும்ணே, ஆகும்."

ஆகாமல் என்ன, கரைவலை பொடிக்கண் வலை, வாரிக்கொண்டு வந்துவிடும், நோஞ்சானும் வரும். மரியசெல்வத்தின் வலை அப்படியா, சதைப்பிடிப்பான சாளைதான் அதன் கண்ணில் கழுத்து மாட்டி நிற்கும், மெலிந்தது நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும், படித்ததுதானே, பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியதுதானே… ஒரு மாதமாக அவள் நிறுத்துப் பார்த்தது கடலை அல்ல, அந்த வலைக்கண்ணை. ஒரு சோறு பதமாம், அந்த ஒரு சோற்றை அள்ளிக் கொடுத்தது யார்? சாருக்கு எழுத வேண்டும், தப்பு என்று எழுத வேண்டும், திட்டுவார், திட்டட்டும். அவனும் வெள்ளிக்கிழமைதான், குளித்து, தொழுகை முடிந்து, வெளிச்சமாக ஒரு மூலை தேடி… மற்ற ஆறு நாள் அப்ரார் எங்கே நுழைந்து போகிறான்?

இன்றைக்குச் செவ்வாய். அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும், பஸ்சுக்கு நிற்பான், எடுக்கமாட்டான், எடுத்தாலும் படம் வேண்டாம் என்பான், அப்படிச் சொன்னாலே தெரிந்துவிடும் இல்லையா, தெரிந்து என்ன செய்ய, பயமாக இருக்கிறது, பயந்தால் மட்டும் ஆயிற்றா… கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வீடியோவை அழுத்தினாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, திரையின் மூலையில் அவளுடைய முகம், தூக்கிப் பிடித்த கை, அதில் அந்த வளையல் முழங்கை வரைக்கும் இறங்கிக் கிடந்தது. சோப்புப் போட்டு, மாமி திருகித் திருகி, அவள் கத்தக் கத்த ஏற்றிய வளையல். எப்போதிலிருந்து இது இப்படி ஆடுகிறது?

"என்ன புள்ள இந்நேரத்துல…" குரல் வந்துவிட்டது, படம் இன்னும் வரவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "எல்லாரும் நல்லாருக்கீங்களா? நீ ஒழுங்காச் சாப்புடுறியா?"

"சாப்புடுறேன் மச்சான், எனக்கென்ன" என்றாள், சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய மற்றொரு கை வளையலைச் சட்டைக் கைக்குள் தள்ளி மறைத்திருந்தது.