மாம்பழ நிறச் சேலைக்கு அந்தப் பக்கம்

சேலையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆடுகிறது, அந்த இடைவெளியில் ஒரு சின்னக் கை, கையில் காலி டம்ளர், நான் குனிந்து வாங்குகிறேன், டிரம்மில் தண்ணீர் மொண்டு திருப்பிக் கொடுக்கிறேன், காய்ச்சல் விரல்கள் சுடச்சுட என் விரலில் படுகின்றன, இருபத்தைந்து வருடமாக இப்படித்தான், புயல் என்று யார் பேச்செடுத்தாலும் இதைத்தான் சொல்வேன், எனக்கு அப்போது பத்து வயது, ஊரே கல்யாண மண்டபத்தில் கிடந்தது, நடுவில் கயிறு கட்டி அம்மாவின் மாம்பழ நிறச் சேலையைத் தொங்கவிட்டிருந்தார்கள், அந்தப் பக்கம் காலனிக்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள், தண்ணீர் டிரம் எங்கள் பக்கம், நான் மட்டும்தான் கொடுத்தேன், கேட்பவர்கள் அந்த வயசிலேயே பாரேன் என்பார்கள், எனக்கும் உள்ளுக்குள் இனிக்கும்.

இன்று மத்தியானம் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம், புயலுக்குப் பிறகு நடந்த அநியாயங்களை அனுபவித்தவர்களே சொன்னது, பக்கத்துக்குப் பக்கம் வயிறு எரிகிறது, நிவாரணப் பட்டியலில் பேர் விட்டுப்போனவள், படகில் இடமிருந்தும் ஏற்றப்படாதவன், புயல் எல்லார் கூரையையும் ஒன்றாகத்தானே பிய்த்தது, சே, இவர்களெல்லாம் மனிதர்களா என்று வைதுகொண்டே புரட்டுகிறேன், நாற்பதாம் பக்கத்தில் எங்கள் மண்டபம், அதே மாம்பழ நிறச் சேலை, தனக்கொடி என்கிற காலனிக்கார அம்மாள் சொல்கிறார், எம்பொண்ணு அம்சவல்லிக்குக் காய்ச்சல், தண்ணி தண்ணின்னு அனத்துது, சேலைக்கு அடியில டம்ளர நீட்டிச்சு, அந்தாண்ட ஒரு பொண்ணு குனிஞ்சு பாத்திச்சு, ரெட்டை ஜடை, பச்சைப் பாவாடை, பாத்துட்டு சேலைய இழுத்துப் பாய்க்கு அடியில சொருகிட்டுப் போயிடிச்சு, எம்புள்ள எந்திரிச்சு வெளிய போயி வெள்ளத் தண்ணியக் குடிச்சிடிச்சு, ரெண்டு நாளு வாந்திபேதி, அவ்ளோதான்.

பச்சைப் பாவாடை என்னுடையது. பொய், இந்த அம்மாளுக்கு ஆள் மாறிப்போயிருக்கும், கோபம் முதலில் தனக்கொடி மேல்தான் வருகிறது, வெட்கமில்லாமல் வருகிறது, புத்தகத்தோடு அடுப்படிக்கு ஓடுகிறேன், ஏம்மா, மண்டபத்துல அந்தப் பொண்ணுக்கு நான் தண்ணி குடுத்தேன்ல, அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்தபடியே, எங்கடி குடுத்த, காலனிப் பொண்ணு கைய வுடுதும்மான்னு எங்கிட்ட வந்து சொன்ன, சேலைய இழுத்துச் சொருகுடின்னேன், சமத்தா சொருகிட்டு வந்துட்ட, அந்தப் பொண்ணு செத்துப்போச்சும்மா என்கிறேன், அதுக்கு நாம என்னாடி பண்றது, புயல்ல எத்தினியோ பேரு செத்தாங்க, இப்ப என்னாத்துக்கு அதெல்லாம், வேற வேலை இல்லியா ஒனக்கு, அடுத்த காயை எடுக்கிறாள், எனக்குக் கத்த வேண்டும்போல் இருக்கிறது, அம்மாவையா, பத்து வயசுக்காரியையா, இருபத்தைந்து வருடமாகக் கதை சொல்லிப் பாராட்டு வாங்கித் தின்றவளையா, குடத்தில் மொண்ட தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது, கண்ணை மூடினால் மண்டபம், அம்மா டிரம் பக்கத்தில் நிற்கிறாள், டிரம் வழிய வழியத் தண்ணீர், சேலையின் கீழ்விளிம்பு ஆடுகிறது, சின்னக் கை வருகிறது, காலி டம்ளர், கொடுத்துவிடு, கொடுத்துவிடு என்று எனக்கு நானே கத்துகிறேன், பச்சைப் பாவாடைக்காரிக்குக் கேட்கவில்லை, அவள் குனிகிறாள், விளிம்பை இழுத்துப் பாய்க்கு அடியில் சொருகுகிறாள், சுருக்கம் இல்லாமல் நீவியும் விடுகிறாள், அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், அவள் முதுகுக்குப் பின்னால் சேலை டம்ளர் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கிறது, இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது.