கண் கூசும் வெளிச்சம்

விக்டரை நாலு பேர் நடுவில் மூக்கறுபட வைக்காமல் தன் கட்டை வேகாது என்று செல்வமேரி இரண்டு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. டெலிபோன் இலாகாவில் அவள் ஜூனியர் இன்ஜினியர், அவன் அவளுக்கு மேலதிகாரி. அவன் அவசரப்பட்டுத் தோண்டச் சொல்லித்தான் ஒரு கேபிள் அறுந்தது. விசாரணை வந்ததும் பழியைத் தூக்கி அவள் தலையில் கட்டிவிட்டான். சார்ஜ் ஷீட்டோடு அவளை ராமநாதபுரத்துக்குத் தூக்கியடித்தார்கள். நிச்சயம் ஆகியிருந்த கைலாசபுரத்து மாப்பிள்ளை வீட்டார், பேர் கெட்ட பெண் வேண்டாம் என்று மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இத்தனையும் செய்தவனை மன்னிக்க அவள் என்ன மாதாவா?

எண்பத்தெட்டில் அவள் திருச்சிக்குத் திரும்பியபோது, ஊருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே கண்ணாடி இழைக் கேபிள் போட்டுக்கொண்டிருந்தார்கள். காவிரியைத் தாண்டும் அந்த இழையில் பேச்செல்லாம் வெளிச்சமாகப் போகும். வந்த மெஷினோ நெடுந்தூரத்துக்கு ஆனது, அது அடிக்கும் வெளிச்சம் அத்தனை பலம். கிட்டத்தில் நின்று முகத்தில் டார்ச் அடித்தால் கண் கூசி ஒன்றும் தெரியாதே, அந்தக் கதிதான் ஸ்ரீரங்கத்தில் வெளிச்சத்தை வாங்கும் மெஷினுக்கு. அதனால் வெளிச்சத்தைத் தேவையான அளவுக்குக் குறைக்க, அட்டெனுவேட்டர் என்ற விரல் நுனி அளவு உலோகத் துண்டு ஒன்றை அதன் வாயில் திருகியிருந்தார்கள். திருகியவள் செல்வமேரி. பேர் வாங்கப்போவது விக்டர்.

ஸ்ரீரங்கத்தில் திறப்பு விழா அன்று காலை சோதித்துப் பார்த்தபோது பேச்சு சுத்தமாகக் கேட்டது. மெட்ராஸிலிருந்து வந்த பெரிய அதிகாரிக்கு மாலை போட எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். செல்வமேரி மட்டும் உள்ளே போய் அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு இழையை நேராக மெஷினில் மாட்டினாள். துண்டைக் கைக்குட்டையில் முடிந்து கைப்பையில் போட்டாள்.

அதிகாரி ரிசீவரை எடுத்து, திருச்சியில் காத்திருந்த கலெக்டருக்கு "ஹலோ" என்றார். பதில் இல்லை. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. விக்டருக்குச் சட்டை நனைந்துவிட்டது. பழைய லைனில் திருச்சியைக் கூப்பிட்டு அத்தனை பேர் காதிலும் விழக் கத்தினான்.

"வெளிச்சம் பத்தலய்யா! பவரைக் கூட்டுங்க! இன்னும் கூட்டுங்க!"

கூட்டக் கூட்ட மெஷினுக்குக் கண் அவிந்தது. செல்வமேரிக்கு வயிறு குளிர்ந்தது.

"யாருய்யா இதுக்குப் பொறுப்பு?" என்றார் அதிகாரி.

விக்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. சுவரோரம் நின்ற வீரமலையைக் காட்டினான். வீரமலை சமயபுரத்துப் பக்கத்து ஆள், வேலை நிரந்தரமாகும் என்று வருஷக்கணக்காகக் காத்திருக்கும் தினக்கூலி.

"இவன்தான் சார் காலையில மெஷினைத் துடைச்சான். எதையோ புடுங்கிட்டான்."

"ஆத்தா சத்தியமா நான் தொடலீங்க!" வீரமலைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாளையிலேர்ந்து இவன் வரக் கூடாது" என்றார் அதிகாரி.

செல்வமேரிக்குப் பகீரென்றது. இந்த மனுஷன் அவள் கணக்கிலேயே இல்லை. கைப்பையைத் திறந்து துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அவரை விட்டுடுங்க சார். நான்தான் இதைக் கழட்டினேன்."

விக்டரின் முகம் மலர்ந்தது. மறுபடியும் இவளை ஒழித்துக்கட்டலாம் என்ற மலர்ச்சி. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது. மீதி உண்மையைச் சொல்ல எழுந்த நாக்கு வேறொன்றைச் சொன்னது.

"விக்டர் சார்தான் கழட்டச் சொன்னாரு. வெளிச்சத்தைக் குறைக்கிற சாமான் எதுக்கு, கூட இருந்தா நல்லதுதானேன்னாரு. வேண்டாம் சார்னு சொல்லிப் பார்த்தேன்."

"பொய் சார்! அபாண்டம் சார்!"

"இப்பத்தானேய்யா வெளிச்சம் பத்தலன்னு தொண்டை கிழியக் கத்தினீங்க?" என்றார் அதிகாரி.

செல்வமேரி திருச்சிக்காரர்களிடம் பவரைப் பழையபடி வைக்கச் சொல்லிவிட்டுத் துண்டைத் திருகினாள். சிவப்பு அணைந்தது. கலெக்டர் குரல் பக்கத்து அறையில் இருப்பவர்போலக் கேட்டது. வீரமலை அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்த மாதமே விக்டருக்கு மெமோவும் வந்தது, ஊர் மாற்றமும் வந்தது. அவன் பெட்டி படுக்கையோடு வேனில் ஏறியதை அவள் எதிர்க்கடையில் நின்று டீ குடித்துக்கொண்டே பார்த்தாள்.

சனிக்கிழமை மேலப்புதூர் மாதா கோயிலில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டாள். பூசைக்குப் போகாததைச் சொன்னாள், தங்கையை ஏசியதைச் சொன்னாள். "வேறென்னம்மா?" என்றார் சாமியார். விக்டர்மேல் சொன்ன பொய் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் மனஸ்தாபப்பட வேண்டும், செய்ததற்காக நிஜமாகவே வருந்த வேண்டும். நெஞ்சுக்குள் தேடித் தேடிப் பார்த்தாள். அது அவளிடம் இல்லை.

"அவ்வளவுதான் சாமி" என்றாள்.