பெண் கை பட்ட மிஷின்

இந்தக் காலத்தில் வேலை செய்கிறவர் ஒருத்தர், பேர் வாங்குகிறவர் இன்னொருத்தர். ஏன் என்று கேட்டால் பல்லைக் காட்டுகிறார்கள். தையல் கம்பெனி வாசலில் பதினெட்டு வருஷமாகக் காவல் இருக்கும் பெரியவருக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய மருமகள் உள்ளே மூன்றாவது வரிசையில் தைக்கிறாள். அந்த வரிசையில் எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும் சரி செய்வது அவள்தான். சாப்பாட்டுப் பைக்குள் துணி சுற்றிய ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். பத்து நிமிஷ வேலை. சூப்பர்வைசர் வந்து கேட்டால், "தானாவே ஓட ஆரம்பிச்சிருச்சு சார்" என்பாள்.

ஒருநாள் கம்பெனி மெக்கானிக் வேலையை விட்டுப் போனார். பழுதான மிஷினை ஓட வைத்துக் காட்டுகிறவருக்கு அந்த வேலை, யாரும் வரலாம் என்றார் மேனேஜர். மருமகளுக்கு முதுகுத் தண்டில் கோளாறு. நாள் முழுக்க உட்கார்ந்தால் நடக்க முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெக்கானிக் வேலை என்றால் நடமாட்டம். பெரியவர் கத்திக் கத்தி அவளைப் பேர் கொடுக்க வைத்தார்.

சோதனை அன்று அத்தனை பெண்களும் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னடி, நாளையிலிருந்து மீசை வச்சுக்கிட்டு வருவியா?"

"வீட்டுல சமையல் யாரு, மாமனாரா?"

மருமகளும் சேர்ந்து சிரித்தாள். திருக வேண்டிய இடத்தில் அவள் விரல் சரியாகப் போய் நின்றதைக் கதவோரத்திலிருந்து பெரியவர் பார்த்தார். விரல் விலகியது.

"எனக்கு இதெல்லாம் தெரியாது சார்."

மெக்கானிக் வேலைக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தான். மூன்றாம் நாளே மிஷின் நின்றது. அவள் குனிந்து சரி செய்துவிட்டு, சூப்பர்வைசரிடம் அந்தப் புது ஆளைக் காட்டி, "அண்ணன்தான் பண்ணாரு" என்றாள்.

அன்று வீடு திரும்பும்போது பெரியவர் பிடித்துக்கொண்டார். "என் காதுல பூ சுத்தாதே. உனக்கா தெரியாது?"

"அது ஆம்பளைங்க வேலை மாமா. நான் பண்றது சும்மா ஒத்தாசைக்கு."

"முதுகு போயிரும்டி!"

"போனா போகுது. பொம்பளை மெக்கானிக் கை வச்ச மிஷின்ல நானே உக்கார மாட்டேன். ஊசி உடைஞ்சு கண்ணுல அடிச்சா?"

"அது உன் கைதானே?"

"அதான் சொல்றேன்." இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போன மாசம் ஒரு பொம்பளை காவல் வேலை கேட்டு வந்தாளே, நீங்கதானே சிரிச்சுத் துரத்தி விட்டீங்க?"

"அது வேற" என்றார் பெரியவர்.

அவளால் எட்டு வைத்து வர முடியவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல், "அது வேற, அது வேற" என்று முனகிக்கொண்டே முன்னால் நடந்தார்.