உறையாத தொட்டி

பால் தொழிற்சாலையின் தயிர்ப் பிரிவில் ஆறு தொட்டிகள். காலை ஷிப்டுக்கு வந்ததும் உறை மாஸ்டர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து, நீளக் கரண்டியால் கொஞ்சம் அள்ளிச் சாய்த்துப் பார்ப்பார். புளிப்பை அளக்க ஆய்வகம் இருக்கிறது. ஆனாலும் அவர் தலையாட்டினால்தான் அங்கே வேலை தொடங்கும். பதினெட்டு வருஷ அனுபவம் அவருக்கு ‘உறை மாஸ்டர்’ என்ற பட்டப்பெயரையும், கூடவே கொஞ்சம் தலைக்கனத்தையும் கொடுத்திருந்தது.

அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. நன்றாக உறைந்த தொட்டியில் வேறு கிருமி எளிதில் தலைகாட்டாது. நல்ல கிருமி இடம் பிடித்துவிட்டால் கெட்டதற்கு ஏது இடம்? வயிறும் ஒரு தொட்டிதானே என்று நினைத்தார். கம்பெனியின் தயிர்ப் பான பாட்டிலில் ‘உங்கள் குடும்பத்தின் கவசம்’ என்று வேறு அச்சடித்திருந்தார்கள். உள்ளே இருப்பதைக் கரைத்துக் குடித்த மனுஷர், மேலே ஒட்டியிருந்த காகிதத்தை நம்பினார். மற்ற தொழிலாளிகளுக்கும் அதையே ஓதினார்.

மகளுக்கு ஐந்து வயது. தட்டம்மைத் தடுப்பூசி போடவில்லை. மனைவி மூன்று முறை கிளம்பினாள், மூன்று முறையும் மாஸ்டர் தடுத்தார்.

“ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல்ல கெடப்பா. தினம் ஒரு பாட்டில் குடிக்கிறால்ல, அவ வயித்துக்குள்ள ஒரு பட்டாளமே இருக்கு” என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் யார் பேசுவது? அவள் விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

தெருவில் தட்டம்மை பரவியது. மகளுக்குக் காய்ச்சல் அடித்தது, கண் சிவந்தது. நாலாம் நாள் முகமெல்லாம் சிவந்து தடித்துப்போனது. மாஸ்டர் ஒரு பாட்டிலை மூன்றாக்கினார். டாக்டரிடம் போகலாம் என்று மனைவி அழுதும், இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

அன்று மூன்றாவது தொட்டி உறையவில்லை. கரண்டியிலிருந்து பால் தண்ணீராய் ஓடியது. ஆய்வகத்துப் பெண் சோதித்துவிட்டு வந்து சொன்னாள்.

“உறைக் கிருமியை வைரஸ் அழிச்சிருக்கு மாஸ்டர். இந்த வைரஸ் மனுஷங்களை ஒண்ணும் செய்யாது. ஆனா தொட்டியக் கொட்டிக் கழுவணும்.”

இது அவருக்குப் புதிதல்ல. இதற்கு முன்பும் இரண்டு முறை கொட்டிக் கழுவியிருக்கிறார். அன்றுதான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். தன்னைத் தாக்கும் வைரஸிடமிருந்தே தப்பத் தெரியாத பட்டாளத்தையா பிள்ளைக்குக் காவல் வைத்தோம்? ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு ஓடினார். தாயின் மடியில் குழந்தைக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தட்டம்மை மூளைவரை போயிருந்தது. உயிர் தங்கியது, இரண்டு காதும் போயிற்று. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் தொழிற்சாலை உணவுக்கூடத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முகாம் நடந்தது. மாஸ்டரின் பேச்சைக் கேட்டுப் பழகிய சிலர் பிள்ளைகளோடு வாசலிலேயே தயங்கி நின்றார்கள். நம்ம பானமே போதும்னு நீங்கதானே சொன்னீங்க என்று பேக்கிங் பிரிவுப் பெண்ணொருத்தி கேட்டாள்.

மாஸ்டர் அவள் குழந்தையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்.

“தயிர் நல்ல சாப்பாடும்மா, தெனமும் குடு. ஆனா அது சாப்பாடு மட்டுந்தான், தடுப்பூசி வேலைய அது செய்யாது. அரைகுறையாத் தெரிஞ்சத வெச்சுக்கிட்டு நான் டாக்டர் வேலை பாத்தேன். இப்ப என் பொண்ணுகிட்ட மன்னிச்சிடும்மான்னு தெனமும் சொல்றேன். அவ என் வாயையே பாத்துட்டு நிக்கிறா.”