சோபனாபுரத்தில் தக்காளி இல்லை

சோபனாபுரத்துச் சந்தையில் ஒரு தக்காளிகூட இல்லை. தோட்டத்திலோ செங்காயும் பழமுமாய்ச் செடி சாய்கிறது. பறிக்க ஆள் இருக்கிறது, லாரி ஓடுகிறது, சாலையில் நெரிசலும் இல்லை. ஆனாலும் கடைகள் காலி. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போகிறார்கள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

சோபனாபுரம் எங்கள் லேப்டாப்பில் இருக்கும் ஊர். கம்பைநல்லூரில் தக்காளி போடும் நானும் என் வீட்டுக்காரர் சிவக்குமாரும் ஓய்வு கிடைத்தால் கம்ப்யூட்டரில் நகரம் கட்டுவோம். புது கேம் வந்ததும், இடம் போதாமல், பழையதை எடுத்துவிட்டு இதை ஏற்றினோம். இன்று மதியச் சோற்றுக்குள் ஊர் தேறாவிட்டால் பழையதே திரும்ப வரும் என்பது அவர் போட்ட கெடு. நானும் தலையாட்டித் தொலைத்திருந்தேன்.

பழைய கேமில் தக்காளி என்பது வெறும் எண். தோட்டம் வைத்தால் சந்தையில் எண் ஏறும், அவ்வளவுதான். புதியதில் ஒவ்வொரு பழத்தையும் யாராவது பறித்து, ஏற்றி, இறக்க வேண்டும். ஒரு லாரியைத் தொட்டால் அதன் பின்னாலேயே ஊர் முழுக்கப் போகலாம். எனக்கு அதில்தான் கிறுக்கு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர், "மழை பேஞ்சா ரோடு மினுக்குது பாருங்க" என்று குதிக்கிறார்கள். மீதிப் பேர், "இது கேமா, ஆபீஸ் வேலையா?" என்கிறார்கள். இரண்டும் உண்மை.

"பழைய கேமுல தக்காளி அழுகுனதே இல்ல" என்றார் அவர்.

"அழுகாத தக்காளிய எந்த ஊர்ல பாத்தீங்க? இருங்க, இந்த லாரி பின்னாடியே போய்ப் பாக்கறேன்."

"லாரி பின்னாடி போறதுக்கு எதுக்கு கேமு? மாரியப்பன் வண்டி பின்னாடி போ, காத்தாவது வரும்."

மாரியப்பன் எங்கள் தக்காளியை மண்டிக்குக் கொண்டுபோகும் பிக்கப் டிரைவர். பேர் சொன்னதும் தோட்டத்து வேலை அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னா மாரியப்பா, காலிப் பெட்டி எங்க? ஆளுங்க சும்மா நிக்கறாங்க. பறிச்சத உன் தலைமேலயா கொட்டறது?"

"அண்ணா, திரும்பும்போது உரமூட்ட ஏத்திட்டு வரச் சொன்னது நீங்கதானுங்களே? பெட்டி வைக்க எடம் எங்கீங்க இருக்குது? எல்லாம் மண்டியிலயே கெடக்குதுங்க."

பெட்டி என்றதும் நான் கேமுக்குத் திரும்பினேன். லாரியை விட்டுவிட்டுச் சந்தையின் பின்பக்கம் போனேன். அங்கே நீல நிறத்தில் ஒரு குவியல். இத்தனை நேரம் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். தொட்டேன். 'காலிப் பெட்டி' என்றது. தோட்டத்தைத் தொட்டேன். அங்கே ஒரு பெட்டிகூட இல்லை.

"ஏங்க, இந்த லாரிக்குத் திரும்பற லோடு என்னா போட்டீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "உரந்தான். வண்டி சும்மா திரும்புனா நஷ்டமில்லையா?"

"அங்கயும் நீங்கதானா!" என்று நான் சிரித்த சிரிப்பில் மாரியப்பன் போனுக்குள்ளிருந்து, "அக்கா, என்னாச்சுங்க?" என்றான்.

திரும்பும் லோடில் உரத்தை நீக்கிக் காலிப் பெட்டியைப் போட்டேன். முதல் லாரி நீலப் பெட்டிகளோடு தோட்டத்துக்குள் நுழைந்தது. ஆட்கள் குனிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சந்தையில் சிவப்பு தெரிந்தது. மூட்டையோடு பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு குடும்பம் திரும்பி நடந்தது.

"நகரு, நகரு" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய கேமைப் பற்றிப் பேச்சே இல்லை. "மாரியப்பா, உரத்த எறக்கிட்டுப் பெட்டிய ஏத்திட்டு வா" என்று போனை வைத்தார்.

தக்காளியோடு போகும் லாரி காலிப் பெட்டியோடு திரும்ப வேண்டும். உரத்துக்குத் தனி வண்டி விட வேண்டும்.